டிரெபிள் ஏழில் ஒரு சிவப்புப் புள்ளி

எங்கள் கம்பெனி கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பில் டிரெபிள் குமிழைச் சுற்றிப் போட்ட எண்களில் ஏழுக்கு மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். இப்போது அதை அச்சடித்தே போடுகிறார்கள். முன்பு நெயில் பாலிஷில் வைத்தது. வைத்தவன் நான்.

கம்பெனியை இப்போது ஷீலா நடத்துகிறாள். எங்கள் பழைய முதலாளி தேவராஜ் சாரின் மகள். போன வாரம் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அந்த டாட் பத்தி நெட்ல பசங்க என்னென்னமோ எழுதறாங்க. அதுல ஏதோ ரகசியம் இருக்குன்றான் ஒருத்தன். பழைய காலத்து டோனுன்றான் இன்னொருத்தன். அது ஏன் ஏழுல இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுங்களேன். நம்ம பேஜ்ல போட்டுடறேன்."

"எழுதுனா நல்லா இருக்காதும்மா."

"எப்படி எழுதினாலும் நான் திருத்திக்கறேன்."

நான் சொன்னது எழுத்து நடையைப் பற்றி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவள் இஷ்டம்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ்ஸில் பல வருஷம் வேலை செய்தேன். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி பஞ்சு கொடுப்பார்கள். நான் அதில் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைப்பேன். யாராவது காதில் வைத்துக்கொண்டால், "இன்னாடா, காது குத்திக்கினியா?" என்று கேட்டுச் சிரிப்போம். அதிகம் சிரித்தவன் நான்தான்.

பிரஸ்ஸை மூடினார்கள். மேனாம்பேட்டில் தேவராஜ் சாரின் ஷெட்டில் சேர்ந்தேன். ஆம்ப்ளிஃபயருக்குத் தகரப் பெட்டி மடக்குவது என் வேலை. ஒரு நாள் சோதனையில் ஒரு பெட்டி பாட்டோடு சேர்ந்து முனகியது. எல்லோரும் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கத்துத் தகட்டை ஒரு விரலால் அழுத்தினேன். முனகல் நின்றது. ஒரு ஸ்க்ரூ லூஸ்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எது சொல்வதற்கு முன்னாலும் அவர் அப்படித்தான் செய்வார்.

"முனுசாமி, உனக்குக் காது இருக்குய்யா" என்றார்.

அன்று முதல் கடைசி மேஜை எனக்கு. ஷெட்டை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு ஆம்ப்பையும் கேட்டு அனுப்புவது நான். பெட்டி மடக்க அப்புறம் மெஷின் வந்துவிட்டது. சோல்டரிங் எனக்கு வராது, கை நடுங்கும். அந்த ஷெட்டில் எனக்கென்று இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அது இல்லையென்றால் எனக்கு அங்கே வேலை இல்லை.

வேலை இப்படி. முதலில் எல்லாக் குமிழும் பூஜ்யத்தில். ஆன் செய்து ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைப்பேன். உர்ர் என்று வந்தால் எர்த் சரியில்லை. பிறகு வால்யூமைப் பாதிக்கு ஏற்றி, கிட்டாரைச் செருகி, பாஸ் மட்டும் ஏற்றுவேன். தடித்த கம்பியை மீட்டினால் வயிற்றில் இடிக்க வேண்டும், ஆனால் கொழகொழவென்று இருக்கக்கூடாது. பாஸை இறக்கிவிட்டு மிட். அதில்தான் கிட்டாரின் உடம்பு இருக்கிறது. கடைசியில் டிரெபிள். கம்பியில் பிக், அதாவது மீட்டுகிற வில்லை, படுகிற சத்தம் அதில்தான் வரும்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆறு கம்பியையும் விரல் வைக்காமல் சும்மா மீட்டுவேன். பாட்டு வாசித்தால் மனது பாட்டுக்குப் போய்விடும், சத்தத்தில் நிற்காது. சாரும் அதையே சொன்னார்.

மூன்று குமிழும் அஞ்சில் இருந்தால் எல்லாச் சத்தமும் சமமாக வரும் என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. கிட்டார் ஆம்ப்பில் எல்லாம் அஞ்சில் இருந்தாலும் நடுச் சத்தத்தில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரு குமிழைத் திருப்பினால் மற்ற இரண்டும் கொஞ்சம் நகரும். கிட்டார் ஸ்பீக்கரும் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி உச்சி வரைக்கும் போகாது. ஒரு அளவுக்கு மேல் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். விழத்தான் வேண்டும். விழாவிட்டால் கிட்டார் கொசு மாதிரி கத்தும்.

எந்தச் சத்தத்துக்கு ஆம்ப் எவ்வளவு பதில் சொல்லுகிறது என்பதுதான் விஷயம். சார் அதை மேஜை மேல் சாக்பீஸால் ஒரு கோடாக வரைந்து காட்டுவார். இடப்பக்கம் தடித்த சத்தம், வலப்பக்கம் கீச்சென்ற மெல்லிய சத்தம். நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று ஒரு இடத்தைத் தட்டுவார். "காதைக் குத்தறதும் இங்கதான், கிட்டாரைத் தூக்கிக் குடுக்கறதும் இங்கதான்" என்பார்.

மீட்டர் வைத்து சாரே முதலில் பார்த்துவிடுவார். ஆனால் மீட்டர் பாஸ் பண்ணியதை என் காது பாஸ் பண்ணாமல் வெளியே விடமாட்டார். எந்த இடத்தில் டிரெபிள் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்கிறேனோ, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. நெயில் பாலிஷ் பாட்டில் சார் வீட்டு அம்மாவுடையது. சர்ச்சுக்கு வாங்குபவர்கள், கச்சேரிக்கு வாங்குபவர்கள், கிட்டார் கிளாஸ் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் புள்ளி தெரியும். முதலில் அஞ்சில் வைத்தேன். சில வருஷத்தில் ஆறு. பிறகு ஏழு. பாகங்கள் முன்னைப் போல இல்லை, அதனால்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று சாரிடம் சொன்னேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

நித்யா என்று ஒரு பெண். மதுரைப் பக்கம். ஐடி வேலை, காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட். சனி ஞாயிறு பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தாள். வாங்கிக் கொஞ்ச நாள் ஆன ஆம்ப்பை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"அண்ணே, இதுல ஊசி மாதிரி ஒரு சத்தம் வருது. வாசிக்காட்டியும் வருது. பிள்ளைங்க காதப் பொத்துறாங்க."

மேஜையில் வைத்து ஆன் செய்தேன். எல்லாம் பூஜ்யம். ஒன்றும் இல்லை. வால்யூமையும் டிரெபிளையும் ஏற்றினேன். ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது.

"இல்லையேம்மா."

"இந்தா, இப்ப வருதே. கேக்கலையாண்ணே?" முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

"உங்க ஊட்டு கரண்டு அப்டி இருக்கும்."

"இது உங்க கரண்டுண்ணே."

எதிர் மேஜையில் செல்வி சோல்டரிங் செய்துகொண்டிருந்தாள். ஷெட்டில் அவள் கைதான் சுத்தமான கை. வாயும் ஓயாது. அன்றைக்குத் தலையைத் தூக்கவே இல்லை. விசிறியை யாரோ அணைத்தார்கள். எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தது. எதைக் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது.

"இந்தக் காலத்துப் புள்ளைங்க காதுல எப்பப் பார்த்தாலும் ஒண்ண சொருவிக்கினே கீறீங்க. அதான். போயி காத டெஸ்ட் பண்ணிக்கோம்மா மொதல்ல."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. சத்தம் கேட்டு சார் உள்ளேயிருந்து வந்தார். குனிந்து ஸ்பீக்கரிடம் காதைக் கொடுத்தார். நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

"எனக்கும் ஒண்ணும் கேக்கலம்மா" என்றார். "இருந்தாலும் வச்சிட்டுப் போங்க. ஓட்டிப் பாத்துட்டுத் தர்றோம்."

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். செல்வியிடம், "பாத்தியா?" என்று கூடச் சொன்னேன். அவள், "டீ சொல்லட்டாணா?" என்றாள்.

மறுநாள் மூடுவதற்கு முன் ஆம்ப்பின் உள்ளே பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் போகிற வயர் தள்ளி எடுத்துப் புதிதாக பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அந்த வயர் கிட்டார் செருகுகிற இன்புட் பக்கம் உரசிக்கொண்டு போனால் ஆம்ப் தானாகவே விசில் அடிக்கும். விலக்கிக் கட்டினால் நின்றுவிடும். எனக்கு அது தெரியும்.

"யார் கட்டுனது இது?"

"பழைய டை அறுந்து தொங்கிக்கினு இருந்துச்சு. அழகுக்குக் கட்டுனேன்" என்றாள் செல்வி.

நான் மூடி ஸ்க்ரூவை முடுக்கினேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உள்ளே எங்கேயோ தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் கேட்கவில்லை.

நித்யா வந்து போட்டுப் பார்த்தாள். "இப்ப இல்லண்ணே. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலம்மா."

"அப்ப என் காதுதான் போல" என்று சிரித்துவிட்டு எடுத்துப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து கம்பி வாங்க வந்தவள், "நீங்க சொன்னீங்கன்னு காது டெஸ்ட் எடுத்துட்டேண்ணே" என்றாள். "ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வச்சு பொடிசா சத்தம் விடுறாங்க. கேட்டா பட்டன அமுக்கணும். விளையாட்டு மாதிரி இருந்துச்சு. என் காது நல்லா இருக்காம்." பூந்தமல்லியில் எந்த இடம் என்றும் சொன்னாள். என்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதே பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபம். என் அண்ணன் பேரனுக்கு ரிசப்ஷன். மேடையில் எங்கள் ஆம்ப் இருந்தது. பெருமையாக இருந்தது. பந்திக்குப் போகாமல் மேடையோரம் போய் நின்றேன். கிட்டார் வாசிக்கிற பையன் குமிழ்களை வைத்துக்கொண்டிருந்தான். சவுண்டுக்காரன் கீழேயிருந்து கத்தினான்.

"மாமே, புள்ளிலேர்ந்து ரெண்டு கொற! மொத வரிசல கெழவிங்க ஓடிடப் போவுதுங்க!"

பையன் டிரெபிளை ஏழிலிருந்து அஞ்சுக்கு இறக்கினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாபா, கம்பெனிக்காரன் யோசிச்சு ஒரு எடத்துல புள்ளி வச்சிக்கிறான். நீ கொறைக்கச் சொல்ற?"

சவுண்டுக்காரன் என்னைப் பார்த்தான். நான் வெள்ளை வேட்டியில் நின்ற ஒரு உறவுக்காரன், அவ்வளவுதான் அவனுக்கு.

"அது அப்டித்தான் பெருசு. இப்பல்லாம் அந்தக் கம்பெனிப் பொட்டி எது வந்தாலும் புள்ளிலேர்ந்து ரெண்டு கம்மி. ஆவடிலேர்ந்து போரூர் வரிக்கும் எவன வேணா கேளு."

"ஏன் அப்டி?"

"புள்ளி வக்கிறவருக்குக் காது அவுட்டு நைனா."

மேடையிலிருந்த பையன், "டேய், மெதுவாடா" என்றான். "நல்ல மன்சனாம் அவுரு. எங்க பாஸ்டர் சொல்வாரு. எங்க சர்ச்சுப் பொட்டிய காசு வாங்காம ரெடி பண்ணிக் குடுத்தாராம்."

"நான் இன்னா கெட்டவர்னா சொன்னேன்? காது அவுட்டுன்னு தான சொன்னேன். பொட்டி சூப்பரு. ரெண்டு கொறச்சா தங்கம். அவராண்ட போயி சொல்றதுக்கு யாருக்கு மனசு வரும்? எங்களுக்கு இன்னா, கொறச்சிக்கறோம்."

நான், "கொஞ்சம் ஏத்திக் காட்டுப்பா" என்றேன். பையன் சிரித்துக்கொண்டே ஏழுக்குத் திருப்பி ஒரு தடவை மீட்டினான். முன்வரிசையில் ஒரு பெண் மடியில் இருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். நாலைந்து தலை திரும்பியது. எனக்கு அப்போதுதான் கிட்டார் கிட்டார் மாதிரிக் கேட்டது.

"நீ பொண்ணு ஊடா, பையன் ஊடா?" என்றான் சவுண்டுக்காரன்.

"பையன் ஊடு."

"சாப்ட்டியா? போய் சாப்டு பெருசு. பிரியாணி தீந்துரும்."

நான் சாப்பிடவில்லை. மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே போனேன்.

நித்யா சொன்ன அந்த இடத்துக்கே போனேன். கண்ணாடி அறை. காதில் ஹெட்போன். கையில் பட்டன். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். பிறகு வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கிற பெண்ணைப் பார்த்தேன். அவள் கை மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்காத சத்தங்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு திரையில் ஒரு கோடு காட்டினாள். அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பார்த்த கோடு. இடப்பக்கம் நன்றாக ஓடியது. நாலாயிரத்தில் கிணறு மாதிரி விழுந்தது. அதற்கப்புறம் சரியாக எழவேயில்லை. ஒரு ஸ்பீக்கருக்கு அப்படிக் கோடு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"ரொம்பச் சத்தமான இடத்துல வேலை பாத்தீங்களா ஐயா?"

"பிரஸ்ஸுலம்மா."

"காதுல எதுவும் வச்சிக்கலையா?"

"இல்ல."

பஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை சார் அறையில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த நித்யாப் பொண்ணு ஆம்ப்புல விசில் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"கேக்கலன்னீங்க."

"ஆமா."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"புள்ளி ஆறுக்கு வந்தப்பவே. அப்புறம் நீ பாஸ் பண்ணதையெல்லாம் செல்வி ஒரு தரம் கேட்டுட்டுத்தான் பேக்கிங்குக்கு அனுப்புவா. நீ சாப்பிடப் போற நேரத்துல."

ஷெட்டில் நான்தான் முதலில் சாப்பிடப் போவேன். செல்விதான் அனுப்பிவைப்பாள். "நீ போணா, வயசானவரு, பசி தாங்க மாட்ட" என்பாள். அவளுக்கு என்மேல் பிரியம் என்று நினைத்திருந்தேன். பிரியம்தான். அதுதான் தாங்கவில்லை.

"சொல்லியிருக்கலாம் சார்."

"சொன்னா அன்னிக்கே நின்னுடுவ."

"இப்பவும் நின்னுடறேன்."

"நின்னு எங்க போவ?" என்றார். கோபமாக இல்லை. நிஜமாகவே கேட்டார். நான் கடைசி மேஜைக்கே திரும்பிப் போனேன்.

அன்று முதல் செல்வி கேட்பது, நான் புள்ளி வைப்பது என்று ஆயிற்று. அவள் அஞ்சு என்றாள். அஞ்சில் வைத்தேன். ஒரு லோடு அப்படியே போனது.

புகார் வந்தது. ஆவடி சர்ச்சிலிருந்து ஒருவர் வந்தார். நூம்பலில் கிட்டார் கிளாஸ் நடத்துகிறவர் வந்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "இன்னா சார், புதுப் பொட்டியெல்லாம் போர்வ போத்துன மாதிரி கீது?"

எங்கே வைத்தீர்கள் என்று சார் கேட்டார்.

"எங்க வப்போம்? எப்பவும் போல புள்ளிலேர்ந்து ரெண்டு கம்மி. மூணுல."

சார் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். வந்தவர் ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நிற்க முடியவில்லை.

ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாற்றிச் சொல்ல வழியில்லை. மறுபடி ஏழுக்கே போனோம். செல்வி கேட்டு அஞ்சு என்பாள். நான் அங்கேயிருந்து ரெண்டு எண்ணி மேலே போய்ப் புள்ளி வைப்பேன். ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் என் வேலை. தப்பு என்று தெரிந்தே வைத்தேன். சம்பளத்தில் சார் ஒன்றும் குறைக்கவில்லை. குறைத்திருக்கலாம்.

சார் இப்போது இல்லை. ஷீலா மைக் வைத்து, கம்ப்யூட்டரில் கோடு பார்த்து, எல்லாம் துல்லியமாகச் செய்கிறாள். சரியான இடம் அஞ்சு என்று அந்தக் கோடும் சொல்கிறது. புள்ளியை மட்டும் அப்பா காலத்தில் இருந்தபடியே அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள். காரணம் அவளுக்குத் தெரியாது. செல்வி சொல்லவில்லை.

சமீபத்தில்தான் காதுக் கருவி மாட்டினேன். பஸ் பிரேக், பாத்திரம், காகிதம் எல்லாம் பல்லைக் கூசவைத்தது. பழகிவிடும் என்றார்கள். ஷீலா வந்துபோன பிறகு, எழுத முடியாது என்று சொல்லிவிடலாமென்று ஷெட்டுக்குப் போனேன். கடைசி மேஜையில் செல்வி. இப்போது அது அவள் இடம். எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

ஒரு புது ஆம்ப் தயாராக இருந்தது. கிட்டாரைச் செருகினேன். பாஸ் அஞ்சு. மிட் அஞ்சு. டிரெபிளை என் புள்ளியில் வைத்தேன். ஆறு கம்பியையும் மீட்டினேன்.

கண்ணாடியில் ஆணி கீறுவது மாதிரி இருந்தது. தோள் வரைக்கும் கூசியது. இத்தனை சர்ச்சுகளில், இத்தனை மண்டபங்களில், இத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட என் வாசலுக்கு வந்து சொல்லவில்லை.

கை போய் ரெண்டு குறைத்தது. நான் நினைத்துச் செய்யவில்லை. மறுபடி மீட்டினேன்.

"இப்ப தெரிதாணா?" என்றாள் செல்வி.

"தெரிதும்மா."

அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில். அந்தப் புள்ளியில் ரகசியம் ஒன்றும் இல்லை. எனக்குக் கேட்காமல் போன அளவு அது. அதில் வைக்காதீர்கள். ரெண்டு குறைத்துக்கொள்ளுங்கள்.